துணிக்குக் காவல்

என் கணவர் போட்ட பயணத் திட்டத்தில் எனக்கும் ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருந்தது. மோட்டார் கம்பெனிக்காரர்கள் கடைக்குக் கொடுத்துவிட்டுப் போகும் பெரிய காலண்டரில் முடிந்துபோன மாதம் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்திருந்தார். முதல் பத்தியில் இடம். இரண்டாவதில் ‘குளியல்’ என்று தலைப்பு. அதன் கீழே வரிசையாக ‘நான், நான், நான்’. மூன்றாவதில் ‘துணிக்குக் காவல்’ என்று தலைப்பு. அதன் கீழே வரிசையாக ‘அவள், அவள், அவள்’.

‘அவள்’ என்பது நான்தான். கட்டிய பெண்டாட்டியின் பெயரைத் தாளில்கூட எழுதாத மரியாதைக்காரர்.

எங்கள் மகள் இத்தாலியில் ஜெனோவாவுக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் வேலை பார்க்கிறாள். நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், “மா, இப்பவாவது வந்து பாரு” என்று கூப்பிட்டாள். அங்கே விடுமுறை நாட்களில் அவளும் கூட வேலை செய்கிறவர்களும் கடலோரமாக நடக்கப் போவார்களாம். மலைச்சரிவில் ஒற்றையடிப் பாதை. கொஞ்ச தூரம் நடந்தால் கீழே ஒரு சின்ன வளைகுடா வரும். இறங்கி நீந்திவிட்டு, ஈரம் காய்ந்ததும் மறுபடி ஏறி நடப்பது. அடுத்த வளைகுடா வந்தால் மறுபடி நீச்சல். அப்படி மூன்று நாள் நடையை எங்களுக்காக வரைபடத்தில் புள்ளி வைத்து அனுப்பியிருந்தாள். அதைத்தான் இவர் காலண்டர் தாளில் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கடல் எனக்குப் பழக்கமானது. கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் நான் சமூக அறிவியல் டீச்சர். மத்தியதரைக் கடல் காலநிலையின் இயல்புகளைக் கூறுக என்று எத்தனை கேள்வித்தாளில் போட்டிருப்பேன். கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை, ஆலிவ், திராட்சை என்று எழுதிப் பிள்ளைகள் மார்க் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தத் தண்ணீர் என்ன நிறம் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஆனால் திட்டம் போடும் விஷயத்தில் என்னை யாரும் கலந்துகொள்ளவில்லை. ஏனென்றால் இது நடை சம்பந்தப்பட்டது. திருவண்ணாமலையில் நடையைப் பற்றி என் கணவருக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவருடைய அபிப்பிராயம். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர். அதற்கு அவரிடம் சட்டதிட்டம் உண்டு. செருப்புக் கூடாது. மலை வலது கைப்பக்கம் இருக்கவேண்டும். கிளம்பின இடத்துக்குத் திரும்பி வரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, முடிக்கும்வரை நடுவில் உட்காரக் கூடாது. ஒருமுறை எனக்குக் காலில் கொப்புளம் கண்டு அடி அண்ணாமலை தாண்டி ஒரு கல்லைப் பார்த்து ஏக்கத்துடன் நின்றேன். “பாதியில உக்காந்தா சுத்துனதே கணக்குல வராது” என்றார். நின்றபடியே அழுதுவிட்டு நடந்தேன்.

அவர் முன்னால் போவார், நான் பின்னால். வளைவு வரும்போதெல்லாம் திரும்பிப் பார்த்து, “சீக்கிரம் வா” என்பார். மலையைச் சுற்றும் பாதையில் வளைவுக்கு என்ன பஞ்சம்? கூட்டத்தில் நான் தொலைந்துபோகாமல் இருந்ததற்கு அந்தக் குரல்தான் காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நடையில் இவ்வளவு கெட்டிக்காரரான மனிதர் தண்ணீர் விஷயத்தில் அப்படி இல்லை. தேரடித் தெருவுக்குப் பக்கத்தில் பம்பு செட், பைப், மோட்டார் விற்கும் கடை வைத்திருக்கிறார். சுற்று வட்டாரத்துக் கழனிக்கெல்லாம் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அவராக முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதை நான் பார்த்ததில்லை. ராமேஸ்வரத்திலும் சரி, மகாபலிபுரத்திலும் சரி, புதுச்சேரியிலும் சரி, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்கு. கரையேறி, துண்டால் தலை துவட்டி, திருநீறு இட்டுக்கொண்டு, “கெளம்பலாமா?” அவ்வளவுதான் கடல். அந்த நேரம் முழுவதும் அவருடைய வேட்டி, சட்டை, கைக்கடிகாரம், செல்போன், எல்லோருடைய செருப்பு, குழந்தை சின்னதாக இருந்தபோது குழந்தை, இத்தனையையும் மடியிலும் பக்கத்திலும் வைத்துக்கொண்டு நான் கரையில் உட்கார்ந்திருப்பேன். கடலை நான் பார்த்த அளவுக்கு அவர் பார்த்ததில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

எனக்கு நீச்சல் தெரியும். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் நான் சொன்னதில்லை.

எங்கள் கழனிக் கிணற்றில் பையன்களுக்குச் சமமாகக் குதித்தவள் நான். பாவாடையைத் தண்ணீர்மேல் விரித்துக் காற்றைப் பிடித்து, உப்பலாக இடுப்பில் சுருட்டிக்கொண்டு மிதப்போம். அது நழுவிவிட்டால் கையும் காலும்தான் துணை. வட்டக் கிணறு. சுவரையொட்டிச் சுற்றிச் சுற்றி நீந்துவோம். மூச்சு வாங்கினால் படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவோம். பெரியவளானதும் அம்மா, “நாளையிலேர்ந்து கெணத்துப் பக்கம் போகாதே” என்று சொல்லிவிட்டாள். அதோடு சரி. அந்த வயதில் பெண்களுக்கு நீச்சல் தானாக மறந்துபோகும் என்று எங்கள் வீட்டில் நம்பினார்களோ என்னவோ.

அதற்குப் பிறகு ஆழத் தண்ணீரில் நான் இறங்கவில்லை. கல்யாணம் ஆகி வந்தது திருவண்ணாமலைக்கு. குடத்திலும் டேங்கிலும் மட்டும் தண்ணீரைப் பார்க்கிற ஊரில், எனக்கு நீச்சல் தெரியும் என்று சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரவேண்டுமே. வரவில்லை. மகள் வரைபடத்தை அனுப்பிய அன்றைக்கு எனக்கு ஒரே ஆசைதான் வந்தது. அந்தக் கடலில் நான் இறங்கவேண்டும். கையும் காலும் இன்னும் அதை ஞாபகம் வைத்திருக்கின்றனவா என்று ஒரு தடவை தெரிந்துகொள்ளவேண்டும். கட்டடங்கள், ஓவியங்கள், சாய்ந்த கோபுரம் எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, தண்ணீருக்குள் போய் முடியாமல் திரும்பினால் என்ன ஆகும்? என் கணவர் அதை வைத்தே மிச்ச காலத்தை ஓட்டிவிடுவார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “எங்க டீச்சர் இத்தாலி கடல நீஞ்சித் தாண்டப் போனாங்க” என்று ஆரம்பிப்பார். ஒத்திகை பார்க்கலாம் என்றால், எங்கள் கழனிக் கிணற்றின்மேல் இப்போது இரும்பு வலை போட்டுப் பூட்டியிருக்கிறது. வலையை விற்றது யார் கடை என்று நான் சொல்லத் தேவையில்லை.

திட்டம் நாளொரு மேனியாக வளர்ந்தது. மகள் முதல்நாள் நடையில் ஐந்து இடத்தில் இறங்கலாம் என்று போட்டிருந்தாள்.

“அஞ்சு இன்னா கணக்கு? எட்டு வேணும்” என்றார்.

கிரிவலப் பாதையில் அஷ்டலிங்கம் இருப்பதால், எந்தப் பாதையிலும் நிற்பதற்கு எட்டு இடம் இருக்கவேண்டும் என்பது அவருக்குள் ஊறிப்போய்விட்டது. மகளை வீடியோவில் கூப்பிட்டு இன்னும் மூன்று இடம் கேட்டார்.

“ப்பா, நடுவுல எல்லாம் பாறை. எறங்க முடியாது.”

“எறங்க வேணாம்மா. நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போலாம்.”

“எதைக் கும்பிடுவீங்க?”

இவர் யோசித்தார். “அங்க இன்னா இருக்குதோ அதை” என்றார்.

பிறகு மோர். கிரிவலத்தில் வழியெல்லாம் மோர், தண்ணீர், சுண்டல், கலந்த சாதம் என்று யாராவது கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பழக்கத்தில், “சாப்பாடு தூக்கிக்கினு போகணுமா, வழியில குடுப்பாங்களா?” என்று கேட்டார். மகள் திரைக்குள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். கடல்குளியலுக்கு ஒரு மக்கும் ஒரு சோப்பும் பெட்டியில் வைக்கப்போவதாகச் சொன்னபோது, வைத்த கையை அவள் எடுக்கவே இல்லை.

“கடல்ல சோப்பு போடக் கூடாதுப்பா.”

“அப்ப குளிச்ச மாதிரி எப்படிமா இருக்கும்?”

“குளிக்கல. நீஞ்சறோம்.”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்று முடித்துவிட்டார். எனக்கு நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அன்று இரவு மகள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள். முழுக்கை, முழுக்கால் வைத்த நீச்சலுடை அங்கே கிடைக்கிறதாம். வாங்கட்டுமா, அளவு என்ன என்று கேட்டிருந்தாள். ‘உனக்கு நீச்சல் தெரியாது, ஆனா ஓரமா உக்காந்து கால் நனைக்கலாம்ல’ என்று ஆறுதலாக ஒரு வரி வேறு. அளவை மட்டும் எழுதி அனுப்பினேன். மார்பளவை எழுதிவிட்டு இவர் பார்த்துவிடப் போகிறாரே என்று செல்போனைத் தலையணைக்குக் கீழே தள்ளினேன். காதல் கடிதம் எழுதுகிற வயதில்கூட எனக்கு இந்தப் படபடப்பு இருந்ததில்லை.

இதுவரைக்கும் எல்லாம் சில்லறை விவகாரம். பெரிய சிக்கல் திசையில் வந்தது. மகளின் வரைபடப்படி அவள் ஊரிலிருந்து கிளம்பிக் கிழக்கே நடக்கவேண்டும். இவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படிப் போனால் கடல் வலது கைப்பக்கம் வரும், மலை இடது கைப்பக்கம் போய்விடும்.

“மலைய எடப்பக்கமா வுட்டுட்டு நடக்கறதா? என்னால ஆவாது” என்றார்.

முதல் வேலையாக, மூன்று நாள் நடையையும் தலைகீழாகத் திருப்பினார். ரயிலில் கடைசி ஊருக்குப் போய் அங்கிருந்து மேற்கே மகள் ஊருக்கு நடந்து வருவது. அப்போது மலை வலப்பக்கம் வந்துவிடும். மகள் சொன்னாள்: “ப்பா, மத்தியானத்துக்கு மேல வெய்யில் நேரா மூஞ்சில அடிக்கும். ஏத்தமும் அந்தப் பக்கத்துலேர்ந்து ஜாஸ்தி.” அவர் அசையவில்லை.

ரமணாசிரமம் பக்கம் மோட்டார் மாட்டப் போன இடத்தில் ஒரு இத்தாலிக்காரரைப் பார்த்தாராம். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறவர். கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு பயபக்தியாக நடந்துகொண்டிருந்தவரை நிறுத்தி, உங்கள் ஊர்க் கடலோர மலையை எந்தப் பக்கமாக வலம் வருவது வழக்கம் என்று விசாரித்திருக்கிறார். அந்த மனிதர் சிரித்துவிட்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை, எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம் என்றாராம்.

வீட்டுக்கு வந்தவர் முகம் வாடியிருந்தது. “நம்ம மலைய சுத்த அத்தனை தூரம் வர்றாரு. சொந்த ஊரு மலைக்கு ஒரு மரியாத இல்ல” என்றார். அந்த மலைக்காக ஒரு வேளை காபி குடிக்கவில்லை.

அடுத்த குழப்பம் என்னால் வந்தது. பழக்கதோஷத்தில் உலகப்படத்தை எடுத்து விரித்து, “நடுவுல கடல், சுத்தி நாடுங்க. பேரே மத்தியதரைக் கடல்தான்” என்று சொல்லிவிட்டேன். அவர் விரலை வைத்துக் கரையோரமாக ஒரு சுற்று வந்தார். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், துருக்கி, எகிப்து, மறுபடி ஸ்பெயின். விரல் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தது. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததே, பார்க்கவேண்டும். சுற்றி முடிக்கக்கூடிய கடல்!

“அப்போ கடலைத்தான் சுத்தறோமா? அப்படின்னா கடல் இல்ல வலது பக்கம் இருக்கணும்?”

“நாம மூணு நாள்தான் நடக்கறோம்.”

“எவ்ளோ நடக்கறோம்ன்றது வேற. எதைச் சுத்தறோம்னு தெரியணும் இல்ல?”

மலையா கடலா என்று முடிவாகாமல் வாரக்கணக்கில் கிடந்தது. கடையில் மோட்டார் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் குருக்களிடம் போனோம். அண்ணாமலையார் கோயிலில் முறை வைத்துப் பூஜை செய்கிறவர், எங்களைவிடச் சின்னவர், எதற்கும் சீக்கிரம் சிரித்துவிடாதவர். காலண்டர் தாளை வாங்கி முழுவதும் படித்தார். ‘துணிக்குக் காவல்’ பத்தியில் கொஞ்சநேரம் கண் நின்றதுபோல எனக்குத் தோன்றியது.

“எதுக்காக இவ்வளவு தூரம் போறேள்? மலையைப் பார்க்கவா?” என்று கேட்டார்.

“மலை இங்கயே இருக்குதே சாமி. கடலப் பாக்கத்தான்.”

“அப்போ கடலை வலப்பக்கம் வெச்சுண்டு நடங்கோ. எது பெரிசோ அதுக்கு வலது கை.” தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கம் பார்த்தார். “டீச்சர் குளிக்கப் போறதில்லையா?”

“அவளுக்குத் தண்ணின்னா பயம் சாமி” என்றார் என் கணவர், எனக்காக.

எனக்குக் கோபம் வந்தது. தண்ணீர் என்றால் பயம் என்று நான் எப்போது சொன்னேன்? கரையில் உட்கார்ந்திருப்பவள் பயந்துதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாரா? வீட்டுக்கு வந்ததும் தோசைக்கல்லைக் கொஞ்சம் சத்தமாகவே அடுப்பில் வைத்தேன். அவருக்குப் புரியவில்லை. திசை முடிவான சந்தோஷத்தில் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார். மகள் முதலில் போட்டுக்கொடுத்த அதே திட்டத்தை, அவளுக்கே போன் செய்து, தான் கண்டுபிடித்ததாக விளக்கினார்.

செப்டம்பரில் போனோம். அந்த மாதத்தில் அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்று மகள் தேர்ந்தெடுத்த மாதம். முதல்நாள் அவளுக்கு அலுவலகத்தில் அவசர வேலை வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் நடந்து அடுத்த ஊருக்குப் போய்விடவேண்டும், வேலை முடிந்து அவள் ரயிலில் அங்கே வந்துவிடுவாள் என்று ஏற்பாடு. காலையில் நீச்சலுடையைப் போட்டு அதன்மேல் சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். மகள் பார்த்துச் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். ஓரமாகக் கால் நனைக்கப் போகும் அம்மாவுக்கு அவள் கொடுத்த உற்சாகம் அது.

பாதை அழகாகத்தான் இருந்தது. ஒருபுறம் பைன் மரங்கள், கல் அடுக்கிக் கட்டிய திராட்சைப் பாத்திகள். வலப்பக்கம், குருக்கள் சொன்னபடி, கடல். தண்ணீரின் நிறத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். கரையோரம் பச்சை, பாறை நிழல் விழுந்த இடத்தில் கருநீலம், அதற்கப்பால் கண் கூசும் வெளிச்சம். இதைச் சொல்லிக் கொடுக்காமலே எத்தனை பிள்ளைகளைப் பாஸ் பண்ண வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். என் கணவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். வளைவு வந்தது. “சீக்கிரம் வா” என்றார். இத்தாலியாக இருந்தால் என்ன, வளைவு வளைவுதான்.

முதல் வளைகுடாவுக்குப் படி இறங்கினோம். மணல் இல்லை, கூழாங்கல். வெள்ளைக்காரர்கள் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டும் தடுமாறித் தடுமாறி நடந்தார்கள். கிரிவலத்தில் தேய்ந்த எங்கள் கால்களுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. என் கணவர் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டு மிடுக்காக நடந்தார். தண்ணீருக்குள் வயதான பெண்கள் நாலைந்து பேர், என்னைவிட மூத்தவர்கள், தொப்பி போட்டுக்கொண்டு கழுத்தளவில் மிதந்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் நின்று பேசுவதுபோல அவ்வளவு சாவகாசம். கரையில் அவர்கள் துணி ஒரு ஓரமாகக் கிடந்தது. அதற்குக் காவல் யாரும் இல்லை.

இவர் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால் அளவில் நின்று, மூக்கைப் பிடித்து, மூன்று முழுக்கு. மக்கில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். தொப்பிப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கரையேறித் துவட்டி, திருநீறு இட்டு, உடை மாற்றிக்கொண்டு, “கெளம்பலாமா? இன்னும் ஏழு எடம் இருக்குது” என்றார்.

“நான் இன்னும் எறங்கலைங்க.”

“நீ எதுக்கு?”

சுடிதாரைக் கழற்றி மடித்து, துப்பட்டாவை அதன்மேல் வைத்து, செல்போனையும் மூக்குக் கண்ணாடியையும் அதன்மேல் வைத்து, அப்படியே அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். எதற்கு வாங்கிக்கொண்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

கூழாங்கல் சரிவு நான்கு எட்டில் முடிந்து கால் தரையைவிட்டு விலகியது. ஒரு கணம் எனக்கு எதுவுமே ஞாபகம் வரவில்லை. தண்ணீர் வாய்க்குள் போனது. உப்பு. கிணற்றுப் பழக்கத்தில் இடது கையை நீட்டிச் சுவரைத் தேடினேன். சுவர் இல்லை. அவ்வளவு பெரிய கடலில் பிடித்துக்கொள்ள ஒரு படிக்கல் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. பயந்துவிட்டேன், நிஜமாகவே பயந்துவிட்டேன். கரையில் அவர், “ஏய்! ஆழம்! வேணாம், வந்துடு!” என்று கத்துவது கேட்டது.

பிறகு கால் உதைத்தது. நான் சொல்லவில்லை, அதுவாக உதைத்தது. கை விலக்கியது. தலை மேலே வந்தது. உப்புத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிடத் தாராளம். பாவாடையில் காற்றைப் பிடிக்கத் தேவையே இல்லாமல் தூக்கிப் பிடித்தது. நான் போய்க்கொண்டிருந்தேன்.

நேராகப் போகவில்லை என்பது கொஞ்சநேரம் கழித்துத்தான் தெரிந்தது. எதிரே கடல், பிறகு பாறை, பிறகு தொப்பிப் பெண்கள், பிறகு என் கணவர், மறுபடி கடல். வட்டக் கிணற்றில் கற்ற நீச்சல், வட்டமாகத்தான் வந்தது. இல்லாத சுவரையொட்டிச் சுற்றிக்கொண்டிருந்தேன். அதுவும் வலமாக. தொப்பிப் பெண்களில் ஒருத்தி என் பக்கத்தில் வந்து இத்தாலிய மொழியில் ஏதோ கேட்டாள். “ஆமாங்க” என்றேன். அவள் தலையாட்டிவிட்டு என்னுடன் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு நீந்தினேன்.

முதல் சுற்றில் அவர் முழங்கால் அளவுத் தண்ணீரில், மாற்றிய உடை மறுபடி நனைய, என் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். வாய் திறந்திருந்தது. அடுத்த சுற்றில் வாய் மூடியிருந்தது. அதற்கடுத்து எத்தனையாவது சுற்றோ தெரியாது, ஆள் அங்கே இல்லை. கண்ணாடி இல்லாததால் தேடவேண்டியிருந்தது. கரையில் இருந்தார். உட்கார்ந்திருந்தார்.

நடையின் நடுவில். இன்னும் ஏழு இடம் பாக்கி இருக்கையில். கூழாங்கல்லில் கால் நீட்டி, மடியில் என் சுடிதார், அதன்மேல் துப்பட்டா பறக்காமல் இருக்க ஒரு கையை வைத்து, பக்கத்தில் இரண்டு பேர் பையையும் நிறுத்தி உட்கார்ந்திருந்தார். எத்தனை கரைகளில் நான் உட்கார்ந்திருந்தேனோ அதே மாதிரி. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இந்த மனிதருக்கு உட்காரத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

நடுவில் கரையேறிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி இறங்கினேன். வெயில் சாய்ந்த பிறகு மகள் போன் செய்தாள். என் கணவருக்குப் போன் என்றால் எதிர்முனைக்கு நேராகவே கேட்கும்படி பேசவேண்டும். அதனால் தண்ணீரிலிருந்த எனக்கும் எல்லாம் கேட்டது.

“இன்னும் மொத எடத்துலதாம்மா இருக்கோம்... இல்ல இல்ல, ஒண்ணும் ஆவல. உங்கம்மா நீஞ்சறா... நீஞ்சறாம்மா! உங்கம்மாதான்... எனக்கு மட்டும் இன்னா தெரியும், முப்பது வருஷமா எங்கிட்ட சொன்னாளா?... இல்ல, அங்க காத்துக்கினு நிக்காத, நீ வீட்டுக்குப் போ. நடை இன்னிக்கு இல்ல. நான் துணி பாத்துக்கினு இருக்கேன்.”

போனை வைத்தார். நான் திரும்பும் இடத்துக்கு வந்திருந்தேன். கரைப்பக்கம் போவதா, இன்னொரு சுற்றுப் போவதா என்று ஒரு கணம் தயங்கினேன். அவர் எழுந்து நின்று, வாய்க்குக் கை குவித்து, வழக்கமாக வளைவில் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டார்.

“மெதுவா வா!”

நான் இன்னொரு சுற்றுப் போனேன்.